தனி வாழ்வும் தவக்குலும்



தனியாக வசிக்கும் ஒருவர் தமது பாதுகாப்புக்கு வேண்டியதைச் செய்து கொள்வதும் செய்யாமல் விடுவதும் அவருடைய சொந்த விஷயம், அதில் பிறர் தலையிடுவது மரியாதையில்லை என்று நம்மில் பலர் எண்ணிக் கொண்டிருக்கிறோம். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். நமது தெருவில் நடந்த ஒரு சம்பவத்துக்குப் பிறகு அந்த எண்ணம் நம்மை விட்டு அகன்று விட்டது.

பிரிக்பீல்ட்ஸில் நமது கடைக்கு நான்கு கதவு தள்ளி ஒரு பெரியவர் கடை வைத்திருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். கீழே வியாபாரம், மேலே வாசம். மனைவி ஊரில் மௌத்தாகிப் பல வருஷமாகிறது. பிள்ளைகள் வெளியூர்களில் இருக்கிறார்கள். ஸுபுஹுத் தொழுகைக்கு நமக்கு முன்பே பள்ளிக்கு வந்து முதல் ஸஃப்பில் உட்கார்ந்திருப்பார். ஒரு வியாழக்கிழமை அவர் ஸுபுஹுக்கு வரவில்லை. கடையும் திறக்கவில்லை. நாம் அதைப் பார்க்காமல் இல்லை. பார்த்தோம். “கிள்ளானுக்குச் சரக்கெடுக்கப் போயிருப்பார்” என்று நாமே ஒரு பதிலைச் சொல்லிக் கொண்டு நமது ஷட்டரைத் தூக்கினோம். இஷாவிலும் அவரைக் காணோம். அப்போதும் ஏதோ ஒரு பதில் நம்மிடம் இருந்தது.

மறுநாள் ஜும்ஆவிலும் அவர் இல்லாத பிறகுதான் மனசு உறுத்தியது. டெலிபோன் செய்தோம். மாடியில் மணி அடிப்பது ஐந்தடியில் நின்ற நமக்கே கேட்டது, எடுப்பாரில்லை. மாடிப்படியின் கிரில் கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது. போம்பா என்று நாம் சொல்லும் தீயணைப்புப் படையினர் வந்து பூட்டை வெட்டினார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, முப்பது மணி நேரத்துக்கு மேல் ஈரத் தரையில் கிடந்திருக்கிறார். கைக்கெட்டிய வாளித் தண்ணீர்தான் அவரைப் பிழைக்க வைத்தது. கிரில் கதவின் சாவி ஆணியில் மாட்டியிருந்த சட்டைப் பைக்குள் இருந்தது. ஒரே பக்கமாக வெகு நேரம் கிடந்தால் தசை நசுங்கி, அதன் நஞ்சு சிறுநீரகத்தைத் தாக்கும் என்று டாக்டர் விளக்கினார். இன்னும் ஓர் இரவு போயிருந்தால் கதை வேறாகியிருக்கும்.

ஆஸ்பத்திரியில் அவர் நம்மைப் பார்த்ததும் இரண்டு வார்த்தை சொன்னார். “அல்லாஹ் இருக்கிறான் தம்பி, நாம் என்ன ஏற்பாடு செய்து என்ன ஆகப் போகிறது?” என்பது ஒன்று. “உங்களுக்கெல்லாம் தொந்தரவு கொடுத்துவிட்டேன்” என்பது மற்றொன்று. தனியாக வாழும் நமது மக்களில் யாரைக் கேட்டாலும் இந்த இரண்டு பதில்களில் ஒன்றுதான் வரும். ஆகவே இரண்டையும் எடுத்து யோசித்துப் பார்ப்பது அவசியமென்று கருதுகிறோம்.

முதலாவது, தவக்குல். ஒட்டகத்தை அவிழ்த்து விட்டு அல்லாஹ்வின் மீது பாரத்தைப் போடட்டுமா, கட்டிப் போட்டு விட்டு நம்பட்டுமா என்று கேட்ட கிராமவாசிக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டிப் போட்ட பிறகு நம்பும்படி சொன்ன சம்பவம் மதரஸாப் பிள்ளைக்கும் தெரியும். திர்மிதீ கிரந்தத்தில் உள்ளது. ஆனால் நாம் அதைச் சரக்குக்கு மட்டும் வைத்துக் கொண்டு விட்டோம். கடனுக்குச் சரக்கு கொடுத்தால் தவக்குல் என்று சொல்லிக் கணக்கெழுதாமல் விடுகிறோமா? பெட்டியில் உள்ள ரொக்கத்தை இரவில் திறந்து போட்டு விட்டுப் போகிறோமா? நமது பெரியவரும் களவுக்குப் பயந்து மாடிக்கு இரண்டு பூட்டுப் போட்டிருந்தார். திருடன் வராதிருப்பதற்கு இரும்பு, தாம் விழாதிருப்பதற்கு மாத்திரம் தவக்குல்! இதை அவரிடமே பிற்பாடு சொன்னோம். சிரித்து விட்டார்.

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு உள்ளே மனிதர்கள் இருக்கும்போதே தீப்பற்றி எரிந்தது. அந்தச் செய்தி வந்ததும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், நெருப்பு மனிதனுக்கு விரோதி, உறங்கப் போகும்போது அதை அணைத்து விடுங்கள் என்று கட்டளையிட்டார்கள். வேறோர் அறிவிப்பில் கதவைத் தாழிடவும், பாத்திரங்களை மூடவும், விளக்கை அணைக்கவும் சொல்லி, எலி திரியை இழுத்து வீட்டுக்குத் தீ வைத்து விடலாம் என்று காரணத்தையும் சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் புகாரியில் உள்ளவை. எலி வரைக்கும் யோசித்த மார்க்கத்தில் இருந்து கொண்டு, எரிவாயுச் சிலிண்டரைத் திருகி மூடாமல் தூங்குவதற்குத் தவக்குல் என்று பெயர் வைப்பது நியாயமா?

கிரில் கதவைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. இந்த நாட்டில் ஜன்னலுக்கும் வாசலுக்கும் இரும்புக் கம்பி போடாத வீடு அபூர்வம். தீ உள்ளே பிடித்தால் அந்தக் கம்பியே சிறைக் கம்பியாகிறது. புகையில் கண் தெரியாதபோது சட்டைப் பையைத் தேட முடியாது. சாவி கதவுக்குப் பக்கத்தில், வெளியிலிருந்து கை நீட்டினால் எட்டாத, உள்ளிருப்பவர் தரையில் தவழ்ந்து வந்தாலும் எட்டக் கூடிய உயரத்தில் தொங்க வேண்டும். குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் தனியாளுக்கு எதற்கு? டெலிபோனை மேஜையில் வைத்து விட்டுக் குளிக்கப் போவதும் வீண். அது எட்டும் தூரத்தில் இருந்தால்தான் 999ஐ அழைக்க முடியும்.

இரண்டாவது வார்த்தை இதைவிடக் கஷ்டமானது. ஏனெனில் அது ஒரு நற்குணத்திலிருந்து பிறக்கிறது. யாரிடமும் கை நீட்டாமல், யாருக்கும் பாரமில்லாமல் வாழ்ந்தவன் என்ற பெயர் வியாபாரிக்குப் பெரிய சொத்து. பண விஷயத்தில் அது சரி. ஆனால் நமது பெரியவர் யாருக்கும் பாரமில்லாமல் இருந்ததன் விளைவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தீயணைப்பு வண்டி வந்தது, தெருவே கூடியது, மகன் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தார், கடை மூன்று மாதம் மூடிக் கிடந்தது, சரக்குக் கொடுத்தவர்கள் யாரைக் கேட்பது என்று தெரியாமல் நின்றார்கள். ஒரு மாற்றுச் சாவியை நமது பெட்டியடியில் உள்ள ஆணியில் மாட்டியிருந்தால் நமக்கு என்ன பாரம்? கால் அவுன்ஸ் பித்தளை. சிறு தொந்தரவை மறுக்கிறவர் அறியாமலே பெரிய தொந்தரவைச் சேர்த்து வைக்கிறார்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுடைய பள்ளிவாசலைப் பெருக்கி வந்த ஒருவரைப் பற்றிய ஹதீஸை இங்கே நினைத்துப் பார்க்கிறோம். அவரைக் காணோமே என்று நாயகம் (ஸல்) அவர்கள் தாமாகவே விசாரித்தார்கள். மௌத்தாகி விட்டார், அடக்கமும் செய்து விட்டோம் என்றார்கள் தோழர்கள். எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டு, கப்ரைக் காட்டச் சொல்லி அங்கே போய்த் தொழுதார்கள். இரவு நேரத்தில் தங்களை எழுப்பித் தொந்தரவு செய்ய மனமில்லை என்று தோழர்கள் சொன்னதாகவும் சில அறிவிப்புகளில் வருகிறது. அங்கேயும் அதே தொந்தரவு! ஆனால் நாயகம் அவர்கள் அந்தச் சாக்கை ஏற்கவில்லை. பெருக்குகிறவர் இல்லை என்பது தலைவருக்குத் தெரிந்திருக்கிறது. முதல் ஸஃப்பில் இடம் காலியாக இருந்தது நமக்கும் தெரிந்தே இருந்தது. விசாரித்தார்களே, அதுதான் வித்தியாசம். ஆகவே குற்றம் பாதி அவருடையது என்றால் பாதி நம்முடையது. பிறர் வீட்டு விஷயத்தில் தலையிடக் கூடாது என்ற நமது மரியாதை, உண்மையில் நமது சோம்பலுக்குப் போட்ட சட்டை என்று இப்போது தோன்றுகிறது.

நமது பாட்டன்மார் காலத்தில் இந்தப் பிரச்சினையே எழவில்லை. ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கும் ஓடிய நாட்களில் சபுராளிகள் கூட்டமாக வந்தார்கள், கூட்டமாக இருந்தார்கள். ஒரு கடையில் முதலாளி, கணக்குப்பிள்ளை, அடுத்தாட்கள், சமையற்காரர் என்று ஏழெட்டுப் பேர் ஒரே மாடியில் பாய் விரித்தார்கள். ஒருவன் இரவில் இருமினால் மற்றவன் எழுந்து சுக்கு வெந்நீர் வைப்பான். அந்தரங்கம் என்பது இல்லை, அதில் சச்சரவும் உண்டு. அந்தக் காலத்தைத் தங்கமென்று புகழ நாம் வரவில்லை. ஆனால் ஒருவன் விழுந்தால் தெரியாமல் போக வழியில்லை. பிறகு 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் கட்டாயமானதும் அடுத்தாட்களில் பலர் ஊர் திரும்பினார்கள். 1966ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997ல் ரத்தானதும் பழைய கடைவீட்டு மாடிகள் பல காலியாயின. பிள்ளைகள் படித்து வேறு ஊர் போனார்கள். மிஞ்சியவர் முதலாளி ஒருவரே. கூட்டம் போய் விட்டது, கூட்டம் செய்து வந்த வேலையை யாரும் எடுத்துக் கொள்ளவில்லை.

இது நமக்கு மட்டும் வந்த சோதனையல்ல. ஜப்பானில் தனிமைச் சாவுக்கென்றே ‘கோதோகுஷி’ என்று ஒரு சொல் வழங்குகிறது. 1995ல் கோபே பூகம்பத்துக்குப் பிறகு தற்காலிகக் குடியிருப்புகளில் தனியாகக் குடியேற்றப்பட்ட முதியவர்கள் யாருமறியாமல் இறந்து கிடந்தபோது அந்தச் சொல் நாடெங்கும் பேசப்பட்டது. 2024ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 76,000 பேர் வீட்டில் தனியாக இறந்ததாக அந்நாட்டுப் போலீஸ் கணக்கெடுத்திருக்கிறது. செல்வத்தில் குறைந்த நாடல்ல அது.

வியாபாரிகளாகிய நாம் அவசியம் அறிய வேண்டிய கணக்கு ஒன்று அமெரிக்காவின் சிக்காகோ நகரத்தில் இருக்கிறது. 1995 ஜூலையில் அங்கே கடும் வெயிலடித்துச் சில நாட்களில் எழுநூறு பேருக்கு மேல் மாண்டார்கள். தனியாக வசித்த முதியவர்கள் ஏராளம். எரிக் கிளைனன்பர்க் என்னும் ஆராய்ச்சியாளர் அதை ஆராய்ந்து 2002ல் புத்தகம் எழுதினார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேட்டைகள். இரண்டிலும் ஏழைகள், இரண்டிலும் தனித்து வாழும் முதியவர்கள் ஏறக்குறைய ஒரே அளவு. ஒன்றில் லட்சம் பேருக்கு 40 பேர் இறந்தார்கள், மற்றதில் 4 பேர்தான். வெயில் பாரபட்சம் காட்டவில்லை. சாவு குறைந்த பேட்டையில் கடைகள் திறந்திருந்தன, தெருவில் ஜன நடமாட்டம் இருந்தது. முதியவர்கள் அச்சமின்றி வெளியே வந்து கடையில் ஏறி இறங்கினார்கள், வராதவர்களைப் பற்றி யாராவது கேட்டார்கள். சாவு மிகுந்த பேட்டையில் கடைகள் மூடித் தெரு வெறிச்சோடிக் கிடந்தது, கிழவர்கள் பயந்து கதவைச் சாத்திக் கொண்டார்கள். நாம் காலையில் ஷட்டரைத் தூக்குவது லாபத்துக்காகத்தான். ஆயினும் அந்தத் திறந்த கடை ஓர் உயிரைக் காக்கும் கண்ணாகவும் இருக்கிறது என்பதை நாம் இந்தக் கணக்கிலிருந்துதான் உணர்ந்தோம். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் கடை வைத்திருப்பவர்களுக்கு வாடிக்கையாக மாலையில் பாக்கெட் பால் வாங்க வரும் கிழவர் யார், இரண்டு நாளாக வரவில்லையே என்பது தெரியாமலா இருக்கும்?

நமது பகுதியிலேயே இதைக் கண்ணால் பார்த்தோம். 2020 மார்ச் 18ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. ஏப்ரலில் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவுக்குப் பக்கத்தில் உள்ள சிலாங்கூர் மென்ஷனையும் மலாயன் மென்ஷனையும் முள்கம்பியால் வளைத்து உள்ளிருந்த ஆயிரக்கணக்கானவர்களை வெளியே விடவில்லை. பெரும்பாலோர் அந்நிய நாட்டுத் தொழிலாளிகள், நமது ஊர்ப் பையன்களும் உண்டு. அவர்கள் நெருக்கமாக இருந்தார்கள், நோய்க்கு அது கெடுதல். தனி அறையில் ஒண்டியாக அடைந்து கிடந்தவர்களுக்கோ நோய் ஒட்டவில்லை, ஆனால் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைக்க ஆளில்லை. மறுவருஷம் 2021 டிசம்பரில் ஒரு மாத மழை ஒரே நாளில் கொட்டியபோது ஷா ஆலம் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளானிலும் வெள்ளம் மாடி வரை ஏறியது. படகு வைத்திருந்த தன்னார்வத் தொண்டர்கள் எந்த வீட்டில் ஆளிருக்கிறது என்று அக்கம் பக்கத்தாரைக் கேட்டுத்தான் போனார்கள். அண்டை வீட்டுக்காரருக்குத் தெரியாத மனிதர் படகுக்கும் தெரியாதவரே.

நிற்க. தனியாள் என்றவுடன் நாம் ஆண்களையே நினைக்கிறோம். கணவரை இழந்து கிள்ளானில் அடுக்குமாடி வீட்டில் ஒண்டியாக இருக்கும் தாய்மார்கள் நமது ஜமாஅத்தில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கதவைப் போய் நாம் தட்டுவது முறையல்ல. இதைப் பெண்கள்தான் பெண்களுக்குச் செய்ய வேண்டும். நமது வீட்டுப் பெண்களுக்கு இந்தப் பொறுப்பைக் கொடுத்தால் நம்மைவிடச் சிறப்பாகச் செய்வார்கள். அவர்கள் நம்மைப் போல ‘சரக்கெடுக்கப் போயிருப்பார்’ என்று சமாதானம் சொல்லிக் கொள்ளமாட்டார்கள்.

நீரிழிவு உள்ளவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நமது நாட்டில் பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அந்த நோய் இருப்பதாக 2019ஆம் ஆண்டு சுகாதார ஆய்வு தெரிவித்தது, இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். ஊசியோ மாத்திரையோ எடுப்பவர் தனியாக ஸஹர் செய்து, பகல் முழுதும் நோன்பு வைத்தால் சர்க்கரை இறங்கி மயங்கலாம். குடும்பத்தில் இருந்தால் யாராவது வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றுவார்கள். தனியாள் ரமலானுக்கு முன்பே டாக்டரிடம் மருந்தளவைக் கேட்டுக் கொள்வதும், என்ன மருந்து சாப்பிடுகிறோம் என்பதைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வைப்பதும் அவசியம்.

அமானத்து விஷயம் இதையெல்லாம்விட முக்கியம். ஹிஜ்ரத் இரவில், தம்மைக் கொல்ல ஆட்கள் காத்திருந்த வேளையிலும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்கள் தம்மிடம் கொடுத்து வைத்திருந்த பொருள்களை உரியவரிடம் ஒப்படைக்க ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களை மக்காவில் நிறுத்தி விட்டுத்தான் போனார்கள். பொருளுள்ள முஸ்லிம் வஸிய்யத்தை எழுதி வைக்காமல் இரண்டு இரவு கழிக்கக் கூடாது என்றும் போதித்திருக்கிறார்கள். நாமோ கூட்டுச் சீட்டுப் பணத்தையும், ஊருக்கு அனுப்பச் சொல்லிப் பையன்கள் கொடுத்த பணத்தையும், வாய்ச் சொல்லில் வாங்கிய கடனையும் நினைவிலேயே வைத்திருக்கிறோம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதச் சொல்லும் ஆயத்துத்தான் குர்ஆனிலேயே நீளமானது. குடும்பத்தோடு இருப்பவர் திடீரென்று போனால் மனைவிக்காவது ஏதோ தெரியும். ஒண்டியாள் போனால் ஊர்ப் பையனின் ஆறு மாதச் சம்பாத்தியம் அவரோடு போய் விடும். வாரிசுகள் இந்தியாவிலும் சொத்து இங்கேயும் இருந்தால் சிக்கல் இன்னும் பெரிது. வாரிசே இல்லாதவரின் சொத்து பைத்துல்மாலைச் சேரும். மூன்றிலொரு பங்குக்குள் வஸிய்யத் செய்ய மார்க்கம் அனுமதிக்கிறது. அதை எழுதிக் கொடுக்க அமானா ராயா போன்ற ஸ்தாபனங்கள் இருக்கின்றன. மெத்தைக்கடியில் வைத்த காகிதம் மட்டும் போதாது, காகிதம் எங்கே இருக்கிறது என்று உயிருள்ள ஒருவருக்குத் தெரிய வேண்டும்.

‘தனிமை நல்லதுதானே, பெரியோர்கள் தேடிப் போனதல்லவா?’ என்று சிலர் கேட்பார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் தனித்திருத்தலைப் பற்றித் தனி அத்தியாயமே எழுதி, அதன் நன்மையையும் கெடுதியையும் இரு பக்கமும் நிறுத்தியிருக்கிறார்கள். 1095ல் பக்தாத் பதவியைத் துறந்து தனிமைக்குப் போனவர்களும் அவர்களே. ஆனால் போவதற்கு முன் பிள்ளைகளின் ஜீவனத்துக்கு வேண்டியதை ஒதுக்கி வைத்தார்கள். தனிமையை விரும்பி எடுப்பவர் பின்னால் இருப்பவர்களுக்கு வழி செய்து விட்டு எடுக்கிறார். நமது மாடிகளில் உள்ளது அந்தத் தனிமையல்ல. ஆட்கள் ஒவ்வொருவராகப் போனபின் மீந்த வெற்றிடம்.

நமது ஒவ்வொரு பள்ளியிலும் மரணச் சகாய நிதி இருக்கிறது. மாதச் சந்தா கட்டுகிறோம். மௌத்தானால் கபன் துணி, குளிப்பாட்ட ஆள், வண்டி, கப்ரு எல்லாம் தயார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மையித்துக்கு இவ்வளவு ஆயத்தம் செய்த ஜமாஅத், அதற்கு முந்திய நாள் அவர் தரையில் கிடந்தபோது விசாரிக்க ஓர் ஆளை வைக்கவில்லையே என்பதுதான் நமது வருத்தம்.

நமது தெருவில் இப்போது ஒரு சின்ன ஏற்பாடு செய்திருக்கிறோம். தனியாக இருப்பவர்கள் பதினொரு பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு கடை பொறுப்பு. மாற்றுச் சாவி உறையிலிட்டு ஒட்டி, மேலே கையெழுத்திட்டு அந்தக் கடைப் பெட்டியில் இருக்கும். ஸுபுஹில் காணாவிட்டால், அல்லது காலை ஒன்பது மணிக்குள் கதவு திறக்காவிட்டால் டெலிபோன். பதிலில்லாவிட்டால் இரண்டு பேராகப் போய்க் கதவைத் தட்டுவது, பிறகே உறையைக் கிழிப்பது. ஊருக்குப் போனால் சொல்லி விட்டுப் போக வேண்டும். ‘சொல்லி விட்டுப் போக வேண்டும்’ என்பதற்குத்தான் எதிர்ப்பு அதிகமாக இருந்தது. முப்பது வருஷம் யாருக்கும் சொல்லாமல் போய் வந்தவர்களுக்கு அது சுதந்திரம் போவதாகத் தோன்றுகிறது. அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. சாவி வைத்திருப்பவன் வீட்டுக்காரனாகி விடக் கூடாது. ஆகவேதான் உறையில் கையெழுத்து.

நமது பெரியவர் இப்போது கைத்தடியோடு நடக்கிறார். அவருடைய சாவி நம்மிடம் இருக்கிறது. “மருமகளிடம் மட்டும் கொடுத்து விடாதீர்கள் தம்பி” என்ற நிபந்தனையோடு கொடுத்தார். போன மாதம் ஒரு நாள் ஒன்பதேகால் ஆகியும் ஷட்டர் தூக்கவில்லை. டெலிபோனும் எடுக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரரைக் கூட்டிக் கொண்டு மாடியேறி, “நானா! நானா!” என்று கிரில்லைப் பிடித்து உலுக்கினோம். தூக்கக் கண்ணோடு கைலியை இறுக்கிக் கட்டிக் கொண்டு வந்தவர், இராத்திரி முழுதும் கால்வலியில் தூங்காமல் ஸுபுஹை வீட்டிலேயே தொழுது விட்டு இப்போதுதான் கண்ணயர்ந்ததாகச் சொல்லி, மனிதனை நிம்மதியாகத் தூங்க விடமாட்டீர்களா என்று தெரு கேட்கும்படி நம்மைத் திட்டினார். பிறகு கதவைத் திறந்து, வந்ததுதான் வந்தீர்கள், தேத்தண்ணி குடித்து விட்டுப் போங்கள் என்றார்.